மலை வீட்டுக்கு ரெசிஸ்டன்ஸ் டியூப் செட்: எதைப் பார்த்து வாங்குவது, எங்கே மாட்டுவது, எப்போது தூக்கிப் போடுவது

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் குடியிருப்பவர் வீட்டில் உடற்பயிற்சி செய்ய ஒரே ஒரு பொருள்தான் வாங்குவார் என்றால், கைப்பிடி வைத்த ரப்பர் டியூப் செட்டைத்தான் வாங்கச் சொல்வேன். ஐந்து டியூப், இரண்டு கைப்பிடி, இரண்டு கணுக்கால் பட்டை, கதவில் மாட்டும் பட்டை ஒன்று, எல்லாம் போட்டு வைக்க ஒரு பை. ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் உருப்படியான செட் கிடைக்கும். மொத்த எடை ஒன்றிரண்டு கிலோவுக்குள் அடங்கும். கரண்ட் தேவையில்லை. ஆனால் சமவெளியில் எழுதப்படும் மதிப்புரைகளைப் படித்து வாங்கினால் சில விஷயங்களில் ஏமாறுவோம். ஈரம், குளிர், பழைய கதவு, தைலம் தேய்க்கும் பழக்கம் என்று இந்த ரப்பரைக் கெடுக்கும் காரணங்கள் இங்கே வேறு.

"மேடும் பள்ளமும் ஏறி இறங்குகிறோமே, இதற்கு மேல் என்ன உடற்பயிற்சி?" என்ற கேள்வி இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. நியாயமான கேள்விதான். மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் மலை ரயில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் பல்சக்கரம் வைத்து ஏறும் சரிவு 12-க்கு 1. தேயிலைத் தோட்டத்துக் குறுக்குப் பாதைகள் பல அதைவிடச் செங்குத்தானவை. அதில் கால் மணி நேரம் விடாமல் ஏறினால் இதயத்துக்கும் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் நல்ல வேலைதான், சந்தேகமே இல்லை. ஆனால் ஏற்றம் எதையும் இழுக்கச் சொல்வதில்லை. முதுகின் மேல்பகுதி, தோள்பட்டை எலும்பைப் பின்னே பிடித்து நிறுத்தும் தசைகள், கைப்பிடி வலு இவையெல்லாம் சும்மாவே கிடக்கின்றன. கொழுந்து பறிப்பவர், கேரட் மூட்டை கட்டுபவர், நாள் முழுக்கத் தையல் மிஷினிலோ கம்ப்யூட்டரிலோ குனிந்திருப்பவர் எல்லாருக்கும் உடல் முன்பக்கமாகவே வளைகிறது. அதை எதிர்த்திசையில் இழுக்கும் வேலை அன்றாடத்தில் எங்கும் இல்லை. டியூப் செட்டின் முதல் பயன் அதுதான்.

இரண்டாவது காரணம், நடை நின்றுபோகும் மாதங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், பந்தலூர், ஊட்டி மேற்குப் பக்கம் தென்மேற்குப் பருவமழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது யாருக்கும் மறந்திருக்காது. அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலுக்கு வடகிழக்குப் பருவமழை. அது ஓய்ந்தால் தலைகுந்தா, காந்தல் பக்கம் உறைபனி. மழையில்லாத மாதங்களிலும் விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பிவிட முடியாது. காட்டுமாடு ரோட்டில் நிற்கும், கோத்தகிரிப் பக்கம் கரடி இறங்கும். விடியும் முன்னும் இருட்டிய பின்னும் தனியாக நடப்பதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். சமவெளிக்காரர்கள் "அதிகாலை நடை" என்று எழுதுவதை இங்கே "வெயில் வந்தபின் நடை" என்று மாற்றித்தான் படிக்க வேண்டும்.

டிரெட்மில் பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரோட்டிலிருந்து நாற்பது அம்பது படி இறங்கித்தான் வீடு என்றால், அந்தப் பெட்டியைச் சுமந்து இறக்குவதே தனிச் செலவு. மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போகும், மின்னழுத்தம் ஏறி இறங்கும். வாங்கியே தீருவதென்றால் ஸ்டெபிலைசர் கட்டாயம். டம்பெல்லில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் பெயின்ட் அடித்த இரும்பு இங்கே ஒரே மழைக்காலத்தில் துரு ஏறிவிடும். ரப்பர் உறை போட்டதாகப் பார்த்து வாங்குங்கள்.

இனி டியூப் செட்டுக்கு வருவோம்.

முதலில் நிறமும் எண்ணும். மஞ்சள் 10, பச்சை 20, சிவப்பு 30, நீலம் 40, கறுப்பு 50 என்று ஒரு செட்டில் இருக்கும், இன்னொரு செட்டில் சிவப்பு 50 ஆக இருக்கும். நிறத்துக்குப் பொது விதி கிடையாது. எண்கள் பெரும்பாலும் பவுண்டில் இருக்கும். 10 பவுண்டு என்பது நாலரை கிலோ, 50 பவுண்டு என்பது இருபத்திரண்டரை கிலோ சொச்சம். ஐந்தையும் கூட்டி "150 பவுண்டு" என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து வாங்கவும் வேண்டாம், பயந்து விடவும் வேண்டாம். அந்த எடை டியூப்பை ஒரு குறிப்பிட்ட நீளத்துக்கு இழுத்தால் மட்டுமே வரும். ரப்பர், இரும்புக் கட்டியைப் போல் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே எடையாக இருக்காது. இழுக்க இழுக்கக் கனம் கூடும். தொடக்கத்தில் ஒன்றுமே இல்லாததுபோல் தெரியும், கடைசிப் பத்து சென்டிமீட்டரில்தான் உயிர் போகும்.

இதில் பலர் கவனிக்காத கணக்கு ஒன்று உண்டு. டியூப் 1.2 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முனையைக் கதவில் மாட்டி மறுமுனையை 60 செ.மீ. இழுத்தால் அது 50 சதவீதம் நீள்கிறது. அதே டியூப்பை நடுவில் மிதித்து இரண்டு கையாலும் இழுத்தால் ஒவ்வொரு கைக்கும் பாதி டியூப்தான், அதாவது 60 செ.மீ.தான். அதை 60 செ.மீ. இழுத்தால் 100 சதவீதம் நீள்கிறது. ஒரே டியூப், ஒரே இழுப்பு தூரம், ஆனால் ஒரு கைக்குக் கிடைக்கும் கனம் ஏறக்குறைய இரு மடங்கு. "ரோயிங்குக்கு (துடுப்புப் போடுவதுபோல் இழுப்பதற்கு) லேசாக இருந்த மஞ்சள், தோளுக்கு மேல் தூக்கும்போது ஏன் இவ்வளவு கனமாக இருக்கிறது?" என்று குழம்புபவர்களுக்குப் பதில் இதுதான்.

உண்மையான கனத்தை அறிய வழி எளிது. பயணப் பெட்டியை எடைபோடும் சிறிய தொங்கு தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். டியூப்பின் ஒரு முனையைக் கதவுப் பட்டையில் மாட்டி, மறுமுனைக் கொக்கியைத் தராசில் கோத்து, தரையில் சாக்பீஸால் 30, 60, 90 செ.மீ. கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் தராசு என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து டியூப்புக்கும் கால் மணி நேரம் போதும். அந்த எண்களை டியூப்பின் துணிப் பட்டையில் மார்க்கரால் எழுதிவிட்டால் பெட்டியில் போட்ட எண்ணை மறந்துவிடலாம். ஆறு மாதம் கழித்து அதே கோட்டில் கனம் கணிசமாகக் குறைந்திருந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது என்று பொருள்.

எவ்வளவு தூரம் இழுக்கலாம்? இழுத்த நீளம் டியூப்பின் சொந்த நீளத்தைப் போல் இரண்டரை மடங்கைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் இழுக்க வேண்டியிருந்தால் அடுத்த தடிமன் டியூப்புக்குப் போங்கள்.

ரப்பரில் இரண்டு வகை விற்கிறார்கள். ஒன்று இயற்கை ரப்பர் பாலிலிருந்து செய்யும் லேடெக்ஸ். இன்னொன்று டி.பி.இ. என்ற செயற்கைக் கலவை. விலை குறைவானவற்றில் பெரும்பாலும் இரண்டாவதுதான் இருக்கும். ஜனவரி மாதத்து ஊட்டிக் காலையில் வித்தியாசம் கைக்கே தெரியும். டி.பி.இ. விறைத்துக்கொண்டு நிற்கும், இழுத்தபின் மெதுவாகத்தான் திரும்பும். லேடெக்ஸும் குளிரில் சற்று இறுகும், ஆனால் நாலைந்து முறை பாதி தூரம் இழுத்துவிட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும். லேடெக்ஸ் ஒவ்வாமை இல்லாத யாரும் நூறு இருநூறு ரூபாய் கூடக் கொடுத்து லேடெக்ஸே வாங்குங்கள். பலூன் ஊதினாலோ ரப்பர் கையுறை போட்டாலோ அரிப்பு, தடிப்பு வருபவர்களுக்கு லேடெக்ஸ் ஆகாது. அவர்களுக்கு டி.பி.இ.தான் வழி. முதல் நாள் இரவே அதை வீட்டுக்குள் கதகதப்பான இடத்தில் எடுத்து வைத்துவிட வேண்டும்.

துணி உறை போட்ட டியூப்புகளும் வருகின்றன. அறுந்தால் முகத்தில் அடிக்காது என்பது அதன் நன்மை. சமவெளியில் நான் அதையே பரிந்துரைப்பேன். இங்கே தயங்குகிறேன். ஜூலையில் துவைத்த துணியே மூன்று நாள் காயாத ஊரில், வியர்வை ஏறிய அந்த உறை காயவே காயாது. பூஞ்சை பிடித்து நாற்றம் வரும். அதைவிட மோசம், உறைக்குள்ளே ரப்பரில் விழும் கீறல் கண்ணுக்குத் தெரியாது. உள்ளே பாதுகாப்புக் கயிறு ஓடும் உறையில்லாத டியூப் கிடைத்தால் அதுதான் மலைக்குச் சரி. ரப்பர் அறுந்தாலும் கயிறு பிடித்துக்கொள்ளும், வெளிப்பக்கத்தை ஒவ்வொரு நாளும் பார்க்கலாம், துடைத்தால் உடனே காயும்.

இப்போது தைலம். இந்த ஊரில் முழங்கால் வலித்தாலும் முதுகு பிடித்தாலும் மூக்கு அடைத்தாலும் கை போவது நீலகிரித் தைலப் பாட்டிலுக்குத்தான். அந்தத் தைலம் ரப்பருக்கு எமன். ரப்பர் அதை உறிஞ்சி, உப்பி, பிசுபிசுத்து, அந்த இடத்தில் வலுவிழந்துவிடும். தேங்காய் எண்ணெயும் லேடெக்ஸுக்கு ஆகாது, ஆனால் தைலம் அதைவிட வேகமாக வேலையைக் காட்டும். தைலம் தேய்ப்பதானால் பயிற்சி முடிந்து, டியூப்பை எடுத்து வைத்துவிட்டுத் தேயுங்கள். தேய்த்த கையால் டியூப்பைத் தொட்டுவிட்டால் சோப்பு நீரில் கழுவி, நிழலில் காயவைத்து, மேலே கொஞ்சம் டால்கம் பவுடர் தடவுங்கள். வாங்கிய சில மாதத்திலேயே டியூப் அறுந்துவிட்டது என்று புலம்புபவர்கள் ரப்பரின் தரத்தைச் சந்தேகிக்கும் முன் இதை யோசிக்க வேண்டும்.

வெயிலும் கெடுக்கும். உயரத்தில் புறஊதாக் கதிர் கூடுதல். குளிராகத்தானே இருக்கிறது என்று டியூப்பை மொட்டை மாடியிலோ சன்னல் ஓரத்திலோ காயப் போடாதீர்கள். ரூம் ஹீட்டருக்கு முன்னாலும் வேண்டாம். நிழலான, காற்றோட்டமான இடத்தில் ஆணியில் தொங்கவிடாமல் தளர்வாகச் சுருட்டி வைப்பதே நல்லது. கொக்கிகள் பெரும்பாலும் முலாம் பூசிய இரும்பு. முலாம் தேய்ந்த இடத்தில் துரு கிளம்பும். துருவின் கூர்முனை டியூப்பின் முனைத் துணியை அறுக்கும். மாதம் ஒரு முறை கொக்கியை உலர்ந்த துணியால் துடையுங்கள். ஷூப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டைப் பைக்குள் போட்டு வைக்கலாம். துரு பிடித்தபின் எண்ணெய் போட்டுக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், அந்த எண்ணெய் ரப்பருக்குத்தான் போகும். புதுக் கொக்கியாக மாற்றிவிடுங்கள்.

பெரும்பாலும் அறுந்துபோகும் இடம் நடுப்பகுதி அல்ல. ரப்பர் முடிந்து, கொக்கி மாட்டும் வளையத்துக்குள் நுழைகிற கழுத்துப் பகுதிதான். உள்ளே ஒரு சிறிய பிளாஸ்டிக் உருண்டையோ குப்பியோ ரப்பரை உள்ளிருந்து பிடித்திருக்கும். அங்கேதான் இழுவிசை குவிகிறது. ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் இரண்டு கழுத்தையும் லேசாக இழுத்துப் பிடித்து, விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். தலைமுடி அளவு வெடிப்பு தெரிந்தால் அன்றே விடைகொடுத்துவிடுங்கள். ஒட்டுப் போடுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் செய்யக் கூடாது. முழு விசையில் அறும் டியூப் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். மேற்பரப்பில் வெண்மையாகப் பொடி படிந்தால் பயமில்லை, பிசுபிசுப்பு வந்தால்தான் பயம்.

இனி மாட்டும் இடம். விபத்துகளில் பெரும்பங்கு இங்கேதான் நடக்கிறது, அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

கதவுப் பட்டை என்பது ஒரு முனையில் தடித்த உருளையும் மறுமுனையில் வளையமும் உள்ள நாடா. உருளை கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கும், நாடா இடுக்கு வழியாக வந்து வளையம் உங்கள் பக்கம் நிற்கும். எந்தப் பக்கம் நிற்பது என்பதுதான் கேள்வி. தள்ளினால் திறக்கும் பக்கத்தில் நில்லுங்கள். அப்போது நீங்கள் இழுக்க இழுக்கக் கதவு நிலையோடு இறுகும். உங்களை நோக்கித் திறக்கும் பக்கத்தில் நின்றால் மொத்தக் கனத்தையும் தாங்குவது ஒரு சிறிய தாழ்ப்பாளோ பூட்டு நாக்கோதான். அது விட்டால் கதவும் உருளையும் சேர்ந்து உங்கள்மேல் வரும். எந்தப் பக்கம் நின்றாலும் கதவைப் பூட்டிக்கொள்ளுங்கள், அந்தப் பக்கத்திலிருந்து குழந்தைகள் திறந்துவிடாமல் இருக்க.

நாடாவைக் கைப்பிடிப் பக்கத்தைவிடக் கீல் பக்கம் நுழைப்பது நல்லது. கீலுக்கு ஒட்டிய இடத்தில் இழுத்தால் கதவு திரும்பப் பார்க்காது. பழைய வீடுகளின் இரட்டைக் கதவுகளில் நடு இடுக்கில் மாட்டவே கூடாது. மழைக்காலத்தில் மரம் உப்பி இடுக்கே இல்லாமல் போகும், நாடாவைத் திணித்தால் கிழியும். பிப்ரவரி, மார்ச் வறட்சியில் அதே மரம் சுருங்கி இடுக்கு அகலும், பஞ்சு உருளை நசுங்கி வழியே வந்துவிடும். ஆகவே ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு முறை சோதியுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, நாடாவை மட்டும் கையில் சுற்றி, உடல் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துப் பாருங்கள். அசைந்தால் வேறு கதவு.

கதவு சரிப்படாவிட்டால் சன்னல் கம்பி. சுவரில் பதித்த தடித்த இரும்புக் கம்பியாக இருக்க வேண்டும். மரச் சட்டத்தில் ஆணியடித்த கம்பியோ, கண்ணாடி மட்டும் உள்ள பழைய சன்னலோ வேண்டவே வேண்டாம். கம்பியில் ரப்பரை நேரடியாகச் சுற்றாமல், பழைய துண்டைச் சுற்றி அதன்மேல் நாடாவை மாட்டுங்கள். சுவரில் போல்ட் அடித்து மாட்டும் வளையத் தகடு கான்கிரீட் தூணில் அடித்தால் மட்டும் நிற்கும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய கல் சுவரில் போல்ட் சில வாரங்களில் ஆடத் தொடங்கும். வெளியே சில்வர் ஓக் மரத்தில் மாட்டலாமே என்றால், தாராளமாக மாட்டலாம். நாடா மட்டும் மரத்தைச் சுற்ற வேண்டும், டியூப் மரப்பட்டையில் உரசக் கூடாது.

பயிற்சிக்கு வருவோம். குளிர்காலக் காலையில் அறை 10, 12 டிகிரியில் இருக்கும்போது ஐந்து நிமிட வார்ம் அப் போதாது, எட்டிலிருந்து பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். நின்ற இடத்தில் நடை, தோளைச் சுழற்றுதல், நாற்காலியில் உட்கார்ந்து எழுதல் பத்து, பிறகு மிக லேசான டியூப்பில் முதல் பயிற்சியை ஒரு முறை. ஸ்வெட்டரைக் கழற்றத் தோன்றினால் உடல் தயார். குளிருக்குக் கரி அடுப்பையோ கும்முட்டியையோ மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு பயிற்சி செய்யாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது, வேகமாக மூச்சு வாங்கும்போது இன்னும் வேகமாக உடலில் ஏறும்.

ஒரு நாளைக்கு ஆறு பயிற்சி போதும். முதலில் ரோயிங். நாடாவைத் தொப்புள் உயரத்தில் மாட்டி, கதவிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று மேல் தள்ளி, முழங்காலைச் சிறிது மடக்கி நில்லுங்கள். தோள்பட்டை எலும்புகளை முதலில் பின்னால் சேர்த்து, அதன்பிறகு முழங்கை விலாவை உரசிக்கொண்டு பின்னே போகட்டும். ஒரு நொடி இழுப்பு, ஒரு நொடி நிறுத்தம், மூன்று நொடியில் விடுவது. விடும் வேகம்தான் இதில் உயிர். ரப்பர் கையைச் சட்டென்று பிடுங்கிக்கொள்ளப் பார்க்கும். அதற்கு இடம் கொடுத்தால் பாதிப் பயிற்சி வீண், முழங்கையும் வலிக்கும். தோள் காதை நோக்கி ஏறுகிறதென்றால் டியூப் கனம் கூடுதல்.

இரண்டாவது ஸ்குவாட். இரண்டு பாதத்தாலும் டியூப்பை மிதித்து, கைப்பிடிகளைத் தோள் உயரத்தில் பிடித்து உட்கார்ந்து எழுவது. டியூப் பாதத்தின் நடுவளைவின் கீழ் இருக்க வேண்டும். விரல் பக்கம் இருந்தால் வழுக்கி முகத்துக்கு வரும். வெறுங்காலோடும் சாக்ஸோடும் செய்யாதீர்கள், ரப்பர் அடி உள்ள ஷூ கட்டாயம். சிவப்பு ஆக்சைடு பூசிய பழைய தரை ஈரத்தில் வழுக்கும் என்பதால், அடியில் ஒரு பாய் போடுங்கள்.

மூன்றாவது டெட்லிஃப்ட். அதே மிதிப்பு, ஆனால் முழங்காலை அதிகம் மடக்காமல் இடுப்பைப் பின்னே தள்ளிக் குனிந்து நிமிர்வது. கேஸ் சிலிண்டரும் தண்ணீர்க் குடமும் தூக்கும் எல்லாருக்கும் இது தேவை. நான்காவது செஸ்ட் பிரஸ். கதவுக்கு முதுகு காட்டி, ஒரு காலை முன்வைத்து, நெஞ்சு உயரத்திலிருந்து முன்னே தள்ளுவது. ஐந்தாவது ஃபேஸ் புல். நாடாவைக் கதவின் மேல்பகுதியில் மாட்டி, கைகளைக் காது அருகே வரும்படி இழுப்பது. குனிந்து வேலை செய்பவர்கள் எதை விட்டாலும் இதையும் ரோயிங்கையும் விடக் கூடாது. லேசான டியூப் போதும், கழுத்து முன்னே நீளாமல் பாருங்கள்.

ஆறாவதற்கு டியூப்பே வேண்டாம், ஆனால் மலைக்காரர்களுக்கு நான் மிகவும் வலியுறுத்துவது இதைத்தான். ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போதுதான் முழங்கால் வலிக்கும். இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. பழக்கமில்லாதவருக்கு அடுத்த ஒன்றிரண்டு நாள் தொடையைத் தொட முடியாத வலி வருவது அதனால்தான். அதற்குத் தனிப் பயிற்சி கொடுக்கலாம். 15 செ.மீ. உயரப் படியில் ஒற்றைக் காலில் நின்று, மறு குதிகாலை மூன்று நொடியில் மெதுவாகத் தரையில் தொட்டு மேலே வாருங்கள். நிற்கும் காலின் முழங்கால் உள்பக்கம் சாயாமல், இரண்டாவது கால்விரலுக்கு நேராகப் போக வேண்டும். தொடக்கத்தில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். காலுக்கு எட்டில் தொடங்கிப் பன்னிரண்டு வரை போகலாம்.

ஒவ்வொன்றும் முதல் இரண்டு வாரம் இரண்டு செட், அதாவது இரண்டு சுற்று, பிறகு மூன்று. டியூப் பயிற்சிகளில் ஒரு செட்டுக்குப் பத்திலிருந்து பதினைந்து முறை. முடிக்கும்போது "இன்னும் இரண்டு செய்யலாம்" என்ற அளவில் நிறுத்துங்கள். அடுத்தடுத்த இரண்டு நாளும் பதினைந்தைச் சிரமமில்லாமல் தொட்டுவிட்டால் 20 செ.மீ. தள்ளி நில்லுங்கள், அதுவும் பழகிவிட்டால் மெல்லிய டியூப் ஒன்றைச் சேர்த்து மாட்டுங்கள். தள்ளி நின்று பழகாமல் அடுத்த தடிமனுக்கு ஒரேயடியாகத் தாவ வேண்டாம், பத்துப் பவுண்டு இடைவெளி தோளுக்குப் பெரிது. மூச்சை அடக்காதீர்கள், தள்ளும்போதும் இழுக்கும்போதும் வெளியே விடுங்கள். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை ஆனவர்கள் டாக்டரைக் கேட்டபின் தொடங்குங்கள்.

டியூப் நடைக்கு மாற்று அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கமும், இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும் சொல்கிறது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரம் மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் சேர்த்து. ஆகவே திங்கள், வியாழன், சனி டியூப், மற்ற நாட்களில் நாற்பது நிமிடத்துக்குக் குறையாத நடை என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வரும். கொடைக்கானலில் ஏரியை ஒரு சுற்று வந்தால் ஏறக்குறைய 5 கிலோமீட்டர், சமதளம், முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் ஏற்றது. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அதுதான் மிதமான வேகம். கோயம்புத்தூரிலிருந்தோ மதுரையிலிருந்தோ புதிதாகக் குடிவந்தவர்கள் கீழே நடந்த வேகத்தை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைவு. முதல் சில வாரம் அதே நடைக்கு நாடி கூடுதலாகவே அடிக்கும். டியூப் பயிற்சியில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, செட்டுக்கு இடையே ஓய்வை ஒன்றரை நிமிடமாக நீட்டினால் போதும்.

கால் வலு மட்டும்தான் தேவை என்பவர்களுக்கு இந்த செட்டைவிடக் கொக்கியே இல்லாத பெரிய வளைய பேண்ட் மேல். துரு பிடிக்க அதில் எதுவுமில்லை, மிதித்தாலும் தட்டையாக நிற்கும். ஆனால் மேலுடம்புப் பயிற்சிக்குக் கைப்பிடி இல்லாமல் உள்ளங்கை நோகும். ஏற்கெனவே ஜிம்முக்குப் போய் நல்ல எடை தூக்குபவர்களுக்கு டியூப் செட் ஸ்குவாட்டிலும் டெட்லிஃப்ட்டிலும் சீக்கிரமே போதாமல் போகும். மற்ற எல்லாருக்கும், அறுபதைத் தாண்டிய அம்மா அப்பாவுக்கும் சேர்த்து, ஒரே செட்டை வீடே பகிர்ந்துகொள்ளலாம்.

பார்சல் வந்ததும், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இவற்றைப் பார்த்துவிடுங்கள். டியூப்பை மூக்கருகே கொண்டுபோனால் ரப்பர் வாசனை வரலாம், மண்ணெண்ணெய் போன்ற காரமான நெடி வரக் கூடாது. இரண்டு மடங்கு இழுத்து வெளிச்சத்தில் பிடித்தால் தடிமன் நீளம் முழுக்க ஒரே சீராக இருக்க வேண்டும். கொக்கியின் நாக்கு தானாக மூட வேண்டும், பக்கவாட்டில் திருகினால் திறக்கக் கூடாது. கைப்பிடியின் நாடாவிலும் கணுக்கால் பட்டையின் வளையத்திலும் பெட்டிபோல் நாலு பக்கமும், நடுவே குறுக்காகவும் தையல் ஓடியிருக்க வேண்டும். ஒற்றைத் தையல் என்றால் திருப்பி அனுப்புங்கள். கைப்பிடியின் பஞ்சு உள்குழாயின்மேல் சுழன்றால் ஈரக் கையில் நழுவும், அதுவும் வேண்டாம்.

வாரம் மூன்று நாள் பயன்படுத்தினால் அதிகம் இழுபடும் இரண்டு டியூப்பை ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் மாற்ற வேண்டியிருக்கும். மற்ற மூன்றும் அதற்கு மேலும் உழைக்கும். அதனால் தனி டியூப் விற்கும் கம்பெனியாகப் பார்த்து வாங்குவது லாபம். கழித்த டியூப்பை வீட்டுக்குப் பின்னால் சரிவில் வீசாதீர்கள், குப்பையைக் கிளறும் கடமானும் காட்டுமாடும் அதைத் தின்றுவிடும். சிறு துண்டுகளாக வெட்டி உலர் குப்பையில் சேர்த்துவிடுங்கள்.